ஒருபிடி அண்ணாச்சியும் கப்பலேறிய கேழ்வரகும்

ஒருபிடி அண்ணாச்சியை ஒரு தடவை சந்தித்துவிட்டு, அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு வேளைச் சோறு சாப்பிட்ட மனிதர் ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் இடையில் ஒருவர்கூடக் கிடையாது. நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் தொழிற்சாலையின் கேன்டீன் காண்ட்ராக்டர் இதை எழுத்திலேயே புகாராகக் கொடுத்திருக்கிறார். 'மேற்படி ஊழியர் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் நிற்பதால் தொழிலாளர்கள் இரண்டாவது முறை சாம்பார் கேட்பதில்லை. தினமும் மீந்துபோகிறது' என்பது புகாரின் சாரம். அந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்தவன் நான்தான்.

அண்ணாச்சி கையேந்தமாட்டார், பிரசங்கமும் செய்யமாட்டார். தன் தச்சுக் கருவிப் பெட்டியைத் திறந்து இடது கையில் பிடித்துக்கொண்டு வரிசை ஓரமாக மேலும் கீழும் நடப்பார், அவ்வளவுதான். பெட்டி மூடியின் உட்புறத்தில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு படம் ஒட்டியிருக்கும். எத்தியோப்பியாவில் பஞ்சம் தலைவிரித்தாடிய எண்பத்துநான்கு கடைசியில் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த படங்களில் ஒன்று. ஒரு தாயும் பிள்ளையும். பார்த்துவிட்டால் அப்பளத்தை உடைக்கக் கை வராது. அப்போது அவர் சொல்வார், "ஒரு பிடி போதும். அதுக்கு மேல நான் கேக்கல."

அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதற்கு வெளியே அந்தப் பெயருக்கு வேலை இருக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர் என்பதால் அண்ணாச்சி. மற்றது நாங்கள் வைத்தது. பேக்கிங் பிரிவில் அவர்தான் மூத்த ஆள். மரப்பெட்டிக்குப் பலகை அடிப்பவர்கள் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் இரண்டு மூன்று வைத்துக்கொண்டால் இவர் ஏழெட்டு வைத்துக்கொள்வார். பேச்சும் அந்த ஆணிகளுக்கு நடுவிலிருந்துதான் வரும். ஒவ்வோர் ஆணியாகப் பலகைக்குள் இறங்க இறங்க வார்த்தைகள் தெளிவாகும். முக்கியமான விஷயம் என்றால் கடைசி ஆணி இறங்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

ஓர் இடத்தில் நிற்க அவரால் முடியாது. டிபன் டப்பாவை நடந்தபடியே காலி செய்வார். பஸ்ஸில் சீட் கிடைத்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, ஓடுகிற பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடப்பார். கண்டக்டர்கள் இவரைச் செக்கிங் அதிகாரி என்று நினைத்துச் சில்லறையைச் சரியாகக் கொடுத்ததுண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் உலாத்திக்கொண்டே ஆராதனையில் பங்கெடுப்பார். "என் பிரசங்கம் நீண்டுபோச்சான்னு நான் கடிகாரம் பார்க்கறதில்ல, அவர் எத்தனை நடை நடந்தார்னு பார்ப்பேன்" என்று போதகரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். தாங்கள் ஒருபோதும் போகாத ஊரில், ஒருபோதும் பார்க்காத ஜனங்களிடையே நடக்கும் மிஷனரி ஊழியத்துக்கு அது அவர்களுடைய பங்கு. கைப்பிடி அரிசி என்று பெயர். சேர்ந்த அரிசியைக் கோயிலிலேயே விற்று, கிடைத்ததை மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பல தலைமுறைகளாக அமைதியாக நடந்துவரும் காரியம். அதில் தகராறுக்கு இடமே இருக்கவில்லை, அண்ணாச்சி அதை ஓசூருக்குக் கொண்டுவரும்வரை.

இங்கே முதல் சிக்கல், கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அண்ணாச்சிக்கு அது ஒரு தடையாகத் தோன்றவில்லை. பட்டினிக்காரனுக்குக் கொடுக்க ஞானஸ்நானம் எதற்கு என்று கெலமங்கலம் சாலையில் உள்ள இந்துக் குடியானவர்கள் வீடுகளிலும் கூலிக்காரர்கள் வீடுகளிலும் காலி டால்டா டப்பாக்களை வைத்துவிட்டு வந்தார். இரண்டாவது சிக்கல், அந்த வீடுகளில் தினமும் பொங்குவது அரிசி அல்ல. கேழ்வரகு. சரி, கைப்பிடிக் கேழ்வரகு என்று மாற்றிக்கொண்டார். மூன்றாவது சிக்கலை அந்த வீட்டுப் பெண்களே கிளப்பினார்கள். ஒரு பிடி என்றால் யாருடைய பிடி? ஒரு வீட்டில் மாமியார் தன் கை பெரிது என்பதால் மருமகள் கையால்தான் எடுக்க வேண்டும் என்றார். மருமகளோ, டப்பா மாமியார் பெயரில்தானே வாங்கியது என்றாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணாச்சி சைக்கிளில் பறந்துபோய்த் தீர்ப்பு சொன்னார்: களி கிண்டுகிற கை எதுவோ, அந்தக் கை. அன்றுமுதல் அந்த வீட்டில் யார் களி கிண்டுவது என்று தகராறு.

தொழிற்சங்கச் செயலாளருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. சேலத்துக்காரர், நல்ல பேச்சாளர். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க அண்ணாச்சி, கெலமங்கலத்துல பட்டினியே இல்லியா? அதைத் தாண்டி கடலுக்கு அந்தப் பக்கம் போறீங்க?"

அன்று அண்ணாச்சி வாயில் ஆணி இல்லை.

"இருக்குங்க. பட்டினி கெடக்கவங்கதான் ஒரு பிடி குடுக்காங்க. நீங்கதான் இன்னும் குடுக்கல."

செயலாளர் மறுநாள் ஒரு பை கேழ்வரகு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அண்ணாச்சி அதில் ஒரு பிடி மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அவமானத்தைச் செயலாளர் பல மாதங்கள் மறக்கவில்லை.

இதுவரை எல்லாம் ஊரளவில் நடந்தது. விவகாரம் கப்பலேறியதற்குக் காரணம் நான். டெஸ்பாட்ச் பிரிவில் எழுத்தராக இருந்த நான், படித்ததை அடுத்தவரிடம் சொல்லித் தீர்க்காவிட்டால் தூங்கமுடியாத ஜாதி. ஒரு மத்தியானம், பெட்டி அடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் போய், கேழ்வரகு நம் ஊர்ப் பயிரே அல்ல, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பிய மேட்டுநிலம் இருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள் என்றேன். சுத்தியல் நின்றது. மீதி ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். இப்படி அவர் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பம் இம்புட்டு நாளும் நாம தின்னது அவங்க வீட்டுச் சாமானா, தம்பி?"

"அப்படிச் சொல்ல முடியாது அண்ணாச்சி, அது ரொம்ப காலம்..."

"இருக்கட்டும். அப்பம் இது காணிக்கை இல்ல. திருப்பிக் குடுக்கது. திருப்பிக் குடுக்கும்போது அந்தச் சாமானையேல்லா குடுக்கணும்?"

அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து கேழ்வரகை விற்று அனுப்புவது என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. போதகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மிஷன் அலுவலகம் தானியம் வாங்காது, அங்கே பக்கத்திலேயே வாங்கிக் கொடுப்பதுதான் வேகமாகச் சேரும், பெரிய பெரிய நிவாரண இயக்கங்கள்கூட அப்படித்தான் செய்கின்றன. எல்லாம் நியாயமான வாதங்கள். அண்ணாச்சி நடந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, தான் முனியம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

முனியம்மாவை நான் சொல்லியாக வேண்டும். கெலமங்கலத்துக்குச் சற்று முன்னால் சாலையோரக் குடிசை. களையெடுப்பு, அறுப்பு என்று போகிற கூலி வேலை, பல நாள் கூலியே கேழ்வரகாகத்தான் கிடைக்கும். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டவர்களில் அண்ணாச்சியை நம்பாத ஒரே ஆள் அந்த அம்மாள்தான். கேழ்வரகின் பூர்வீகப் பேச்சுக்கு மறுவாரம் அண்ணாச்சி டப்பா கொடுக்கப் போன முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

"நீ இத்த எடுத்துக்கினு போயி சந்தையில போட்டுட மாட்டன்னு இன்னா நிச்சயம்ணா?"

"ஒரு மணிகூட விக்க மாட்டேன்மா. அங்க பசிச்ச ஒருத்தர் வாயில போய்ச் சேரும். சேந்ததும் நானே வந்து சொல்லுதேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அதற்குப் பிறகு அந்தக் குடிசை டப்பாதான் சீக்கிரம் நிறைந்தது. ஒரு நாள் அடுப்பே எரியவில்லை என்று மறுநாள் இரண்டு பிடியாகப் போட்டிருக்கிறார் முனியம்மா. அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்பு எரியாத நாளுக்குப் பிடி கிடையாது, அது சட்டம் என்று சொல்லி ஒரு பிடியைத் திரும்ப அள்ளிப் பானையில் போட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மாள் கேட்கும் கேள்வி மட்டும் மாறவேயில்லை. "போயி சேந்துச்சா?" இந்தக் கேள்விதான் அண்ணாச்சியை உட்காரவிடவில்லை.

கேழ்வரகு சேர்ந்துகொண்டே போனது. வாடகை அறையில் முதலில் கட்டிலுக்குக் கீழே மூட்டைகள் இருந்தன. பிறகு கட்டில் வெளியே போய் மூட்டைகளே கட்டிலாயின. கேழ்வரகில் சீக்கிரம் பூச்சி பிடிக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல். தபால் நிலையத்துக்கு ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். என் டைரிப்படி அன்று சனிக்கிழமை, கூட்டமான நேரம். கவுன்டரில் இருந்தவர் உள்ளே என்ன என்றார். ராகி. எங்கே போகிறது? எத்தியோப்பியா. அங்கே எந்த ஊர், யாருக்கு?

"பசிச்ச ஊரு எதுன்னாலும் சரி" என்றார் அண்ணாச்சி. "ஆளும் அப்படியே போட்டுக்கிடுங்க."

கவுன்டர்காரர் கன்னடத்தில் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். நாங்கள் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்த நிலையில்தான் எங்கள் தொழிற்சாலைக்கு அந்த ஆர்டர் வந்தது. நாங்கள் வார்ப்பிரும்பு சாமான்களோடு கைப்பம்பும் செய்துகொண்டிருந்தோம், தெருக்களில் பெண்கள் அடித்துத் தண்ணீர் பிடிக்கும் அதே பம்பு. எத்தியோப்பியாவில் வறண்ட கிராமங்களில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ நிவாரண இயக்கம் பம்புகள் கேட்டிருந்தது. செங்கடல் துறைமுகம் ஒன்றின் பெயரைப் பெட்டிமேல் எழுத வேண்டும் என்று தாள் வந்தது. அதை அண்ணாச்சியிடம் கொடுத்தவனும் நான்தான். எங்கே போகிறது என்று வாசித்துச் சொன்னேன். பேக்கிங் ஷெட்டை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

பேக்கிங் மேனேஜர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். முந்தின ஏற்றுமதியில் வழியிலேயே பம்புகளின் தலைப்பாகமான வார்ப்பிரும்பு முகப்புகள் விரிசல் கண்டுவிட்டதாகப் புகார். வழக்கமாக இரும்புக்கு இடையில் மரச்சீவலை அடைத்துப் பெட்டியை மூடுவோம். லாரியிலும் கப்பலிலும் குலுங்கக் குலுங்கச் சீவல் அமுங்கி, இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும். இந்தத் தடவை ஒன்று உடைந்தாலும் ஷெட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சத்தம்போட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சி வாயில் எட்டு ஆணியோடு மிகுந்த பணிவாகத் தலையாட்டினார். அந்தப் பணிவைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பெட்டிகளை எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. முதல் பெட்டி ஒரு வியாழக்கிழமை தராசில் ஏறியது. கணக்குப்படி இருக்கவேண்டிய எடையைவிட இருபது கிலோ கூட. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இருபது கிலோ கூட. இரண்டாவது பெட்டியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே.

"அண்ணாச்சி, பெட்டிக்குள்ள என்ன?"

"ம்ம்."

"மரச்சீவல் இவ்வளவு கனக்குமா?"

"ம்ம்ம்." ஓர் ஆணி பலகைக்குள் இறங்கியது. "மழைக்கால மரம்லா தம்பி."

அந்த வாரம் முழுக்க ஓசூரில் ஒரு பொட்டு மழை கிடையாது. இது என் டைரியில் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் ஆணியடித்து மூடிய பெட்டியைத் திறக்கச் சொல்ல வாய் வரவில்லை, தராசு காட்டியதை மாற்றி எழுதக் கையும் வரவில்லை. உள்ளது உள்ளபடி எழுதினேன். அலுவலகத்திலோ யாரும் என் பதிவேட்டைப் பார்க்காமல், வழக்கமான கணக்கு எடையையே தாளில் தட்டச்சு செய்து இரண்டு லாரிகளோடும் அனுப்பிவிட்டார்கள்.

முதல் லாரிப் பெட்டிகள் சென்னைத் துறைமுகத்தில் யார் கண்ணிலும் படாமல் கப்பலேறின. இரண்டாவது லாரியில் ஒரு பெட்டியைச் சந்தேகப்பட்டு எடைபோட்டிருக்கிறார்கள். தாளில் ஓர் எடை, தராசில் வேறோர் எடை. அந்த லாரிப் பெட்டிகள் எல்லாவற்றின் பலகையையும் பெயர்த்தார்கள். உள்ளே பம்பு முகப்புகள், ஒன்றோடொன்று இடிக்காமல் தொட்டில் பிள்ளைகள்போல் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையில், அளந்து தைத்த துணிப்பைகளில் கேழ்வரகு.

தந்தி வந்த அன்று அலுவலகத்தில் யாருக்கும் அது புரியவில்லை. இரும்புக்குப் பதில் தானியம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், போட்டிக் கம்பெனிக்காரன் சதி என்று இன்னொருவர். பேக்கிங் ஷெட்டில் மட்டும் எல்லோரும் தலை நிமிராமல் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சுத்தியலை வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே அலுவலகத்துக்கு நடந்துவந்து, "அது நான்தாங்க" என்றார்.

விசாரணையில் என்னைச் சாட்சியாகப் பதிவேட்டோடு உட்காரவைத்தார்கள். பர்சனல் மேனேஜர் பெங்களூர்க்காரர், தமிழ் பேசினால் நடுநடுவே கன்னடம் வந்துவிடும், பெரிய என்பது 'தொட்ட' ஆகும், தெரியுமா என்பது 'கொத்தா' ஆகும், கெட்ட மனிதர் அல்ல. அண்ணாச்சிக்கு நாற்காலி போட்டார். அண்ணாச்சி நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே பதில் சொன்னார்.

"ஏன்ப்பா, கவர்ன்மென்ட் பர்மிஷன் இல்லாம தானியம் கப்பல்ல ஏத்தறது எவ்ளோ தொட்ட தப்பு, கொத்தா?"

"தெரியும் சார். அதனாலதான் யார்ட்டயும் சொல்லல."

"எலி தின்னுட்டா?"

"அதும் பசிச்ச ஜீவன்தான சார்."

மேனேஜர் அந்தக் கேள்வியைத் தாளில் அடித்துவிட்டார். பிறகு, இதில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்றார். கேழ்வரகின் பூர்வீகம் சொன்னவன், துறைமுகப் பெயர் கொடுத்தவன், எடை தெரிந்தும் கேட்காமல் விட்டவன், மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவேயில்லை. "ஒருத்தருக்கும் தெரியாது சார். துணிப்பை தச்சதும் நான்தான்" என்றார். கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று வழக்கப்படி கேட்டபோது, அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"பிரிச்ச பெட்டிகள்ல இருந்த ராகிய எங்க சார் போட்டாங்க?"

துறைமுகத்தில் அப்புறப்படுத்தப்பட்டது என்று சொன்னார்கள். சஸ்பெண்ட் உத்தரவை வாங்கியபோது மாறாத முகம் அப்போது மாறியது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. சஸ்பெண்ட் ஆனவர்கள் சாதாரணமாக ஊருக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சி தினமும் காலை ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டுக்கு வந்து, வேலிக்கு வெளியே சாலையில் நடப்பார், ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போவார். வாட்ச்மேன் அவருக்காகவே தண்ணீர்ப்பானையை வெளிப்பக்கம் நகர்த்தி வைத்தார். பேக்கிங் ஷெட்டில் பெட்டி அடிப்பவர்கள் சந்தேகம் கேட்க வேலியோரம் வந்து நிற்பார்கள். வேலை போய்விடும் என்பது ஏறக்குறைய உறுதி. ஊரில் மனைவியும் கல்யாணத்துக்கு இருக்கும் இரண்டு பெண்களும். அதைப் பற்றி நான் பேச்செடுத்தால், "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். முனியம்மாவைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார். இத்தனை மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கெலமங்கலம் பக்கம் அவர் போகவில்லை. போய் என்ன சொல்வது? ஒரு லாரி கேழ்வரகு குப்பைக்குப் போனது, இன்னொரு லாரி என்ன ஆனது என்று தெரியாது. "அந்தம்மா நெனச்சது சரியாப்போச்சு தம்பி. சந்தையில போட்டிருந்தாலாவது யாராவது தின்னிருப்பாங்க."

கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. டெஸ்பாட்ச் தட்டில் வெளிநாட்டு உறை. ஆங்கிலத்தில், பம்பு வாங்கிய அந்த நிவாரண இயக்கத்தின் பொறியாளர் எழுதியிருந்தார். பிரிப்பது என் வேலை, படிப்பது என் வேலை அல்ல. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

பம்புகள் வந்து சேர்ந்தன, வழியில் ஒன்றுகூட உடையவில்லை, இனிமேலும் இதே முறையில் பேக் செய்து அனுப்பவும் என்றிருந்தது. அடுத்த பத்தியில், கூடவே வந்த தானியப் பைகளுக்குத் தாங்கள் ஆர்டர் கொடுக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்திருந்தார். முகாமில் இருந்த பெண்கள் பையைப் பிரித்ததுமே இன்ன தானியம் என்று அடையாளம் கண்டுகொண்டார்களாம். திருப்பி அனுப்பும் வழி தெரியாததால், அதைச் சமைத்து எல்லோருமாகச் சாப்பிட்டுவிட்டதற்கு வருத்தம் தெரிவிப்பதாகவும், விலை ஏதாவது உண்டென்றால் எழுதும்படியும் முடித்திருந்தார்.

உறையை எடுத்துக்கொண்டு பர்சனல் மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் படித்தார், பேக்கிங் மேனேஜரைக் கூப்பிட்டார், அவரும் படித்தார். உடையாமல் போன பம்பைப் பற்றிய பத்தியை இருவரும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அந்த வாரமே அண்ணாச்சி கடும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு வேலைக்குத் திரும்பினார். இனிப் பெட்டிகளில் மரச்சீவல் கிடையாது, துணிப்பைகள்தான், ஆனால் உள்ளே உமி மட்டுமே இருக்க வேண்டும் என்று புது உத்தரவும் வந்தது. பைகளை மேற்பார்வையிடும் பொறுப்பு அண்ணாச்சிக்கு. ஒவ்வொரு பையையும் குத்திப் பார்த்து உமிதான் என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு.

கடிதத்தின் நகலை நான் கையால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி என்னையும் கெலமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஆங்கிலக் கடிதம், படிக்க ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பஸ்ஸில் அவர் வழக்கம்போல் நடந்தார். அன்று என்னையும் உட்காரவிடவில்லை.

முனியம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் வராதவரைக் கண்டதும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வந்துட்டாருபா. சந்தையில நல்ல விலையா?"

அண்ணாச்சி என் தோளைத் தள்ளினார். நான் கடிதத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். தமிழ் பிடிபடாத ஒருத்திக்கு இன்னொருத்தி தெலுங்கில் சொன்னாள். பையைப் பிரித்ததும் அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். சமைத்துச் சாப்பிட்டதற்கு வருத்தம் தெரிவித்திருப்பதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

முனியம்மா சிரிக்கவில்லை. முறத்துக் கேழ்வரகை விரலால் கிளறினார்.

"அதுல கல்லு இருந்துச்சான்னு எழுதிகீறாங்களா?"

"என்னம்மா?" என்றேன் நான்.

"களத்துல கூட்டி அள்ற ராகி சாமி. எவ்ளோ பொறுக்கினாலும் ஒண்ணு ரெண்டு கல்லு கெடக்கும். எனக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. பசிச்ச புள்ள வாயில கல்லு கடிச்சா இன்னா நெனைக்கும் நம்பள?"

நான் கடிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அத எழுதலம்மா" என்றார். "கேட்டு எழுதுதேன். பதில் வந்ததும் வந்து சொல்லுதேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

ஓசூர் போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடைப் பலகையில் வைத்தே பொறியாளருக்கு, துறைமுகத்தில் இருந்த அவருடைய இயக்க அலுவலகத்து விலாசத்துக்கு, அந்தக் கடிதத்தை எழுதவைத்தார். தானியத்தில் கல் இருந்ததா, இருந்தால் எங்கள் பக்கத்துப் பெண்களை மன்னிக்க வேண்டும், அவர்கள் பொறுக்கித்தான் போட்டார்கள் என்று நான் ஆங்கிலத்தில் எழுத எழுத, சரியாக எழுதுகிறேனா என்று அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் 'ஜாக்கிரதை', 'இந்தப் பக்கம் மேலே' என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாது.

பதில் வரவில்லை. அந்த நாட்டில் அப்போது சண்டையும் இருந்தது. முகாம் இடம் மாறியிருக்கலாம், பொறியாளர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஓய்வுபெறும்வரை அண்ணாச்சி தினமும் காலையில் என் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போவார். நான் தலையை அசைப்பேன், போய்விடுவார். ஊருக்கு ரயிலேறிய அன்று பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே, பதில் வந்தால் முதலில் முனியம்மாவுக்குச் சொல்ல வேண்டும், பிறகு தனக்கு எழுதினால் போதும் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார் என்று அவருடைய மூத்த மகள் எழுதிய அட்டை வந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை மாறினேன். கிருஷ்ணகிரியில் ஒரு வீடு, மத்தூரில் ஒரு வீடு, மறுபடியும் ஓசூரில் இரண்டு என்று நான்கு வீடுகள் மாறிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சாமான்களை இறக்கியதும், செங்கடல் ஓரத்துத் துறைமுகத்தில் இருந்த அந்த இயக்க அலுவலகத்துக்கு என் புது விலாசத்தை எழுதிப் போட்டுவிடுகிறேன்.